மூன்று பேர், தனியாக

ஓசூர் ரயில் நிலையத்துக்குப் போய்ச் சேர எனக்கு இரண்டு பொய்கள் தேவைப்பட்டன. விடுதியில், ஊர்த் திருவிழா என்று எழுதி அவுட்பாஸ் வாங்கினேன். வீட்டில், இந்த வாரம் ஓவர்டைம், வர முடியாது என்று சொன்னேன். நான் வீட்டில் இருப்பதாக விடுதி நினைத்தது. விடுதியில் இருப்பதாக வீடு நினைத்தது. இரண்டுக்கும் நடுவில் எனக்கு மூன்று நாட்கள் கிடைத்தன. 2025 பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு, திங்கள்.

அப்படி என்ன செய்யப் போனாய் என்று கேட்டால் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கடல் பார்க்கப் போனேன். 26 வயதில், முதல் முறையாக.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் தூரம். எங்களுக்குப் பாறை உண்டு, ஏரி உண்டு, மாந்தோப்பு உண்டு, கே.ஆர்.பி. அணை உண்டு. ரயில்கூட எல்லோருக்கும் கிடையாது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியில் இன்று வரை ரயில் நிலையம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. பஞ்சத்தில் தானியம் கொண்டுவரவென்று வெள்ளைக்காரர்கள் 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும், பிறகு அங்கிருந்து ஓசூருக்கும் குறுகிய பாதை போட்டார்கள். இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1941இல், இரண்டையும் மூடிவிட்டார்கள். ஓசூருக்கு வேறு பாதை வந்துவிட்டது. கிருஷ்ணகிரிக்கு வரவில்லை.

நான் வேலை செய்வது ஓசூர்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். அப்பா தலைமுறையில் ஓசூர் வேலை என்றால் அது பெரும்பாலும் ஆம்பளை வேலைதான். சிப்காட், அசோக் லேலண்ட், டிவிஎஸ் என்றுதான் பேச்சு அடிபடும். இப்போது புதிதாக வரும் ஆலைகள் பெண்களைத் தேடி ஊர் ஊராக வருகின்றன. விரல் மெல்லிசு, பொறுமை அதிகம், சங்கம் வைக்க மாட்டார்கள் என்று கணக்கு. கடைசிக் காரணத்தை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரு அறை, அடுக்குக் கட்டில். அங்கே ஊர்ப் பெயர்தான் ஆள் பெயர். நான் ராயக்கோட்டை. என் கட்டிலுக்கு மேல் கட்டில் ஊத்தங்கரை. எதிர்க் கட்டிலில் ராஞ்சி. அவள் கிராமம் ராஞ்சியிலிருந்து இன்னும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம், ஆனாலும் எங்களுக்கு அவள் ராஞ்சி. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று வாரம் மாறி வாரம் ஓடும். வார விடுமுறையில் வெளியே போய் மாலை ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் எங்கே போக முடியும்? சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில், பஸ் ஸ்டாண்டு கடைகள், அதை விட்டால் அத்திப்பள்ளி. அத்திப்பள்ளிக்குப் போவதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 ஜூனிலிருந்து கர்நாடகத்திலும் இல்லை. ஆனால் அது கர்நாடகப் பெண்களுக்கு. ஜூஜூவாடி வரை நான் இலவசப் பெண். எல்லை தாண்டி அந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறினால் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழிப்பார்கள். நடுவில் இருப்பது ஒரு வளைவும் ஒரு சோதனைச் சாவடியும்தான்.

கடல் ஆசையைக் கிளப்பிவிட்டவை கைபேசியில் பார்த்த காணொளிகள். ஐநூறு ரூபாயில் கேரளா, ஆயிரம் ரூபாயில் கோவா என்று பையன்கள் போடுவார்களே, அவை. முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறு, வாசல்படியில் காலைத் தொங்கப்போட்டு மலையைப் பார், ராத்திரி பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படு, காலையில் ஆற்றில் குளி, பசித்தால் கோயிலில் சாப்பாடு. நாங்கள் மூன்று பேரும் ராத்திரி போர்வைக்குள் இதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு மிச்சத்தையும் எங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். வாசல்படி? முடியாது. பிளாட்பாரம்? முடியாது. ஆறு? பேசவே வேண்டாம். அந்தப் பையன்கள் மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாயையும் நாங்கள் செலவழித்தாக வேண்டும். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் பயணச் செலவு. வலது பக்கத்துக்கு ஊத்தங்கரைதான் பெயர் வைத்தாள்: பயச் செலவு.

பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போகும் இன்டர்சிட்டி காலை ஏழரை வாக்கில் ஓசூருக்கு வரும். பகல் வண்டி. உட்காரும் இருக்கைக்கு முன்பதிவோடு இருநூறு ரூபாயை ஒட்டித்தான் ஆகிறது. மாலை ஐந்து மணி வாக்கில் எர்ணாகுளத்தில் இறக்கிவிடும். பகலில் போய்ப் பகலில் சேருகிற வண்டி என்பதால்தான் கோவாவை விட்டுவிட்டுக் கொச்சியைப் பிடித்தோம். எந்த ஊரைப் பார்ப்பது என்பதை அழகு முடிவு செய்யவில்லை, கால அட்டவணை முடிவு செய்தது.

தங்க இடம் தேடியதுதான் பெரிய பாடு. நான்கு லாட்ஜுகளுக்குப் போன் போட்டேன். “லேடீஸ் மட்டுமா? கூட ஜென்ட்ஸ் யாரும் இல்லையா?” என்று கேட்டுவிட்டு இரண்டு இடத்தில் அறை இல்லை என்றார்கள். ஆண் கூட வந்தால் ஒருவிதச் சந்தேகம், வராவிட்டால் இன்னொருவிதச் சந்தேகம். கடைசியில் எங்கள் லைனில் வேலை செய்யும் பாலக்காட்டு அக்கா ஒருவர் சொன்னார்: கொச்சி மாநகராட்சி பெண்களுக்கென்று 2023இல் ஷீ லாட்ஜ் திறந்திருக்கிறது, பொதுக்கூடத்தில் ஒரு படுக்கைக்கு ஒரு இரவு 100 ரூபாய். நான் நம்பவில்லை. போன் போட்டுக் கேட்டபோதும் நம்பவில்லை. நேரில் போய், ஆதார் அட்டையைக் காட்டி, சாவியும் விரிப்பும் கையில் வாங்கிய பிறகுதான் நம்பினேன். அப்பா போன் நம்பர் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

ஊத்தங்கரை கிளம்புவதற்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் 60 ரூபாய்க்கு ஒரு ஜோடி மெட்டி வாங்கிப் போட்டுக்கொண்டாள். வெள்ளி இல்லை, பித்தளையில் பூச்சு. “கல்யாணம் ஆனவன்னு நெனச்சா ஒரசமாட்டானுங்கடி” என்றாள். நானும் சிரித்துக்கொண்டே நோட்டின் வலது பக்கத்தில் எழுதினேன்: மெட்டி, 60.

வண்டி ஓசூரை விட்டதும் முதல் அரை மணி நேரம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் வண்டி போவது எங்கள் ஊர் வழியாக. கெலமங்கலம், பெரியநாகதுணை, அப்புறம் ராயக்கோட்டை. அப்பா ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவர். மண்டிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் நிறைய தூரம் உண்டு, ஓடுகிற வண்டியில் யார் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள். ஆனாலும் கோட்டை மலை தெரிந்த நொடியில் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டேன். சின்ன வயதில் அந்த மலை மேலேறி நின்றுகொண்டு ரயிலுக்குக் கை ஆட்டியிருக்கிறேன். வண்டிக்குள் இருப்பவர்கள் எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். அதில் ஒருத்தி துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொண்டிருக்கலாம் என்று தோன்றியதில்லை.

தர்மபுரி தாண்டி, சிவாடிக்கும் தொப்பூருக்கும் இடையில் பாதை மலையை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், திடீரென்று ஒரு பக்கம் திறந்து பள்ளம். 2021 நவம்பரில் கண்ணூரிலிருந்து வந்த விரைவு ரயில் மீது பாறைகள் உருண்டு பெட்டிகள் தடம் புரண்டது இந்த இடத்தில்தான். ஒரு உயிர்கூடப் போகவில்லை. இவ்வளவு அழகான இடம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தொப்பூர் என்றால் லாரி கவிழும் கணவாய் என்று மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தேன். ராஞ்சி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, “எங்க ஊர் மாதிரி” என்றாள். வேலைக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அவள் சொந்த ஊரைப் பற்றித் தானாகச் சொன்ன முதல் வாக்கியம்.

சேலத்தில் ஏறிய ஒரு பெரியவர் எங்கள் எதிரில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், பையிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். பிறகு கேட்டார்: “தனியாவா போறீங்க?”

“இல்லைங்க, மூணு பேர்” என்றேன்.

“அதாம்மா, தனியாவா?”

மூன்று பேர் இருந்தும் நாங்கள் தனியாகத்தான் இருந்தோம். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தமிழில் அப்படித்தான் எண்ணுகிறோம்.

திருப்பூரில் வண்டி நின்றபோது எனக்கு அத்தை ஞாபகம். அத்தை இந்தப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவர். சுமங்கலித் திட்டம் என்று பெயர். மூன்று வருடம் உள்ளேயே தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. அந்த மூன்று வருடத்தில் திருப்பூரில் என்ன பார்த்தீங்க அத்தை என்று ஒருமுறை கேட்டேன். “கேட்டப் பாத்தேன்” என்றார். தொகை வந்தது, பீரோவும் கட்டிலும் ஆனது. எங்கள் விடுதி அத்தை காலத்து விடுதி இல்லைதான். எங்களுக்கு வங்கிக் கணக்கு உண்டு, கைபேசி உண்டு, விலகிப் போக விரும்பினால் போகலாம். கேட் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஊத்தங்கரை சேலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்கவில்லை. ரயில் கழிப்பறைக்குப் போக அவளுக்குப் பிடிக்காது. லைனில் நிற்கும்போதும் அப்படித்தான். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பைக் கழற்றி மாட்டுவதற்குள் பத்து நிமிட இடைவேளை முடிந்துவிடும் என்பதால் எங்களில் பாதிப் பேர் தண்ணீரைக் குறைத்து உடம்பைப் பழக்கி வைத்திருக்கிறோம். இந்தப் பழக்கத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

கோயம்புத்தூர் கடந்த பிறகு, மதுக்கரை, எட்டிமடை, வாளையார். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு இடைவெளி இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய். அதற்குள்தான் வண்டி நுழைகிறது. இரண்டு பக்கமும் மலை தள்ளித் தள்ளி நிற்கிறது, வழி விடுவது போல. யானை நடமாட்டம் உள்ள காடு என்பதால் சில இடத்தில் வண்டி நிதானமாகப் போனது. ராஞ்சி யானைக்காகக் காத்திருந்தாள். யானை வரவில்லை. கஞ்சிக்கோடு வந்தது: கொட்டகைகள், புகைபோக்கி, பெயர்ப் பலகைகள், ஷிப்ட் முடிந்து நிற்கும் ஆட்கள். மலைக்கு அந்தப் பக்கமும் ஒரு சிப்காட்! மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம், பக்கத்தில் தூங்கியவர் விழித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் பச்சை. தென்னை, வயல், மறுபடி தென்னை. பாரதப்புழையில் மணல்தான் அதிகம் தெரிந்தது. ஆலுவாயில் பெரியாறு நிறைந்து போனது. நான் நோட்டை எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை எர்ணாகுளம் படகுத் துறை. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டும் படகு, ஃபோர்ட் கொச்சிக்கு ஆறு ரூபாய். பக்கத்தில் புதிதாக வாட்டர் மெட்ரோ ஓடுகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கியது, குளிர்சாதனம், கண்ணாடி, குறைந்தபட்சக் கட்டணமே 20 ரூபாய். நாங்கள் ஆறு ரூபாய்க் கட்சி. மரப் பலகை இருக்கை, பக்கவாட்டில் சுவர் இல்லை, டீசல் வாடை. எங்களோடு ஏறியவர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை. மீன் கூடை, டிபன் பை, இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், ஞாயிற்றுக்கிழமைக் குர்பானாவுக்குப் போகிற வெள்ளைச் சட்டை. நாங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறுவது மாதிரி அவர்கள் படகில் ஏறினார்கள், யாரும் தண்ணீரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றோம். பாரந்தூக்கிகள், கட்டட உயரத்துக்கு ஒரு கப்பல், அதன் நிழலில் எங்கள் படகு. ஊத்தங்கரை படகில் தண்ணீர் குடித்தாள், ஒரு பாட்டில் முழுக்க.

கடல்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை முழுக்க ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் ஒதுங்கிக் கிடந்தது. காயல் வழியாக வந்து சேருகிற குப்பை. சீன வலைகளைப் படத்தில் பார்த்ததில் பாதி அழகுதான். “இவ்வளவுதானா?” என்றாள் ராஞ்சி. பிறகு குப்பையைத் தாண்டிப் போய் முட்டி வரை தண்ணீரில் நின்றாள். ஒரு அலை வந்து பாவாடையை நனைத்தது. அவள் பின்னால் வரவில்லை. கைபேசியை நீட்டி அலைச் சத்தத்தைப் பதிவு செய்து அம்மாவுக்கு அனுப்பினாள். சத்தம் மட்டும். அவள் அம்மாவிடம் படம் தெரியாத பழைய போன்தான் இருக்கிறது, அண்டை வீட்டுக்காரர் போனில்தான் கேட்டாக வேண்டும். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “மழை நல்லா பெய்யுதான்னு கேக்குறாங்க” என்றாள்.

மதியம் கொச்சி மாநகராட்சியின் சம்ருத்தியில் சாப்பாடு. குடும்பஸ்ரீ பெண்கள் நடத்துவது. 2021இல் பத்து ரூபாய்ச் சாப்பாடு என்று தொடங்கிய இடம். கல்லாவில் பெண், அடுப்படியில் பெண், பரிமாறுவதும் பெண். ஒருவர் எங்கள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டுத் தமிழில் கேட்டார், “எந்த ஊரு?” தனியாவா என்று கேட்கவில்லை.

அங்கிருந்து வைக்கத்துக்குப் பஸ் பிடிக்கச் சொன்னது நான். பள்ளிக்கூடத்தில் ‘வைக்கம் வீரர்’ என்று ஒரு வரி படித்திருக்கிறேன், கோடிட்ட இடத்தை நிரப்பியிருக்கிறேன். அது ரயிலும் படகும் போகிற ஊர் என்று அப்போது தோன்றியதில்லை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்பதற்காக 1924 மார்ச் 30 அன்று போராட்டம் தொடங்கியது. முதல் நாள் மூன்று பேர் நடந்தார்கள். புலையர் ஒருவர், ஈழவர் ஒருவர், நாயர் ஒருவர். மூவரையும் கைது செய்தார்கள். தலைவர்கள் எல்லாம் சிறைக்குப் போன பிறகு ஏப்ரலில் பெரியார் வந்தார், இரண்டு முறை சிறைப்பட்டார். நாகம்மையும் பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் வந்தார்கள். நாகம்மை தெருக்களில் பேசிப் பெண்களைத் திரட்டினார். ஈரோட்டிலிருந்து வைக்கம், அன்றைக்கு எத்தனை வண்டி மாறியிருப்பார், எங்கே தங்கியிருப்பார், எங்கே குளித்திருப்பார் என்றுதான் நினைவகத்தில் நின்றபோது எனக்கு ஓடியது. நினைவகத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்திருந்தார்கள், சுண்ணாம்பு வாசம்கூடப் போகவில்லை. பெரியார் உட்கார்ந்திருக்கிறார். படம் எடுத்துக்கொண்டோம்.

1925 கடைசியில் மூன்று பக்கத்துத் தெருக்களைத் திறந்தார்கள். கிழக்குத் தெருவுக்கு இன்னும் பல வருடம் ஆனது. நான் அந்தத் தெருக்களில் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தேன். எங்கள் ஊரில் பாட்டி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடந்த தெரு ஒன்று உண்டு. பாட்டி போன பிறகும் அம்மா அந்தத் தெருவுக்கு வந்தால் நடையை வேகமாக்கிவிடுவாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. வைக்கத்தில் நான் மெதுவாக நடந்தேன். ஊத்தங்கரைக்கு இது புரியவில்லை, கால் வலிக்கிறதா என்று கேட்டாள். அவள் வேறு தெரு. விடுதியில் ஒரே தட்டில் சாப்பிடுகிறோம், ஊருக்குப் போனால் அவள் வீட்டுக்குள் நான் போவேனா என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. அன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு வேம்பநாட்டுக் காயலைக் கடக்கும் ஆதித்யா படகு, 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய நாட்டின் முதல் சூரிய மின்சக்திப் பயணிகள் படகு. 75 பேர் ஏறலாம். கூரை முழுக்கத் தகடு. பத்து ரூபாய்கூட இல்லை டிக்கெட். சத்தமே இல்லாமல் போகிறது. சத்தம் இல்லாததால்தான் என் போன் அடித்தது எல்லோருக்கும் கேட்டது.

அப்பா.

நடந்தது இதுதான். திங்கள்கிழமை பி ஷிப்டுக்கு ஆள் பற்றாக்குறை. விடுதியிலிருந்து என் வீட்டுக்குப் போன் செய்து, உங்கள் பெண்ணைக் கொஞ்சம் முன்னாடியே அனுப்பிவையுங்கள், ஓவர்டைம் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குச் சொன்ன பொய் உண்மையாகி, விடுதிக்குச் சொன்ன பொய்யைப் பிடித்துவிட்டது.

“எங்கம்மா கீற?”

மூன்றாவது பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தோழி வீட்டில் இருக்கிறேன், காய்ச்சல் என்று. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். காற்று நன்றாக அடித்தது. நடுக்காயலில் இருந்தோம்.

“வைக்கத்துல, படகுல கீறேன்ப்பா.”

கொஞ்ச நேரம் மண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

“யார் கூட?”

“ரூம்ல இருக்கற ரெண்டு பொண்ணுங்க கூட.”

“வேற யாரு?”

“வேற யாரும் இல்லப்பா.”

“வேற யாரும்மா?”

“யாரும் இல்ல.”

“வேற யாருன்னு கேக்கறேன்.”

அவர் கத்தவில்லை. கெஞ்சுவது மாதிரி இருந்தது. ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அவருக்கு நிம்மதியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பையனோடு போனாள் என்றால் திட்டலாம், அடிக்கலாம், பேசி முடிக்கலாம். எதற்குமே இல்லாமல், தண்ணீர் பார்க்க ஒரு பெண் முன்னூறு மைல் போவாள் என்பதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. படகு கரையில் முட்டியபோது இணைப்பு அறுந்திருந்தது.

திங்கட்கிழமை காலை அதே இன்டர்சிட்டி. திரும்பும் வழியில் மலையை யாரும் பார்க்கவில்லை. மாலை ஓசூரில் இறங்கியபோது பிளாட்பாரத்தில் ஊத்தங்கரையின் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எங்கள் அப்பா விடுதியில் விசாரித்து, விடுதி அவள் வீட்டில் விசாரித்து, அப்படி. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

மெட்டியைக் கழற்ற மூன்று பேரும் மறந்துவிட்டோம்.

அது 60 ரூபாய் மெட்டி, பயத்துக்குப் போட்டது என்று நான் பிளாட்பாரத்தில் அழுதுகொண்டே சொன்னேன். நோட்டைக்கூட எடுத்துக் காட்டினேன், தேதியோடு எழுதியிருக்கிறேன் பாருங்கள் அண்ணா என்று. யார் நம்புவார்கள்? அன்றிரவே அவள் பெட்டியை எடுத்துப் போய்விட்டார்கள். ஏப்ரலில் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வரவில்லை.

அப்பா ஒன்றரை மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் மண்டியிலிருந்து போன் செய்து, தக்காளி விலை ஏறியிருக்கிறது என்றார். அவ்வளவுதான். விடுதியில் மூன்று மாதத்துக்கு அவுட்பாஸ் ரத்து. ராஞ்சியின் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

கணக்கு இதுதான், கேட்பவர்களுக்காக. ரயில் போக வர 400, படுக்கை இரண்டு இரவுக்கு 200, படகும் பஸ்ஸும் 190, சாப்பாடு 310. ஆளுக்கு 1,100 ரூபாய். வலது பக்கத்தில்: இரண்டு நாள் சம்பளப் பிடித்தம், வருகை ஊக்கத்தொகை 1,000 போனது, இருட்டிய பிறகு நடக்கப் பயந்து பிடித்த ஆட்டோ 120, மெட்டி 60. அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அவளுக்கு ஆனதை எந்த எண்ணில் எழுதுவது? படகில் நான் மூன்றாவது பொய்யைச் சொல்லியிருந்தால் அவள் இன்னும் என் மேல் கட்டிலில் படுத்திருப்பாள். சொல்லியிருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றும். சில நாள், கேள்வி கேட்டவர்களை விட்டுவிட்டுப் பதில் சொன்னவளை ஏன் நிறுத்தி வைக்கிறேன் என்று தோன்றும். இரண்டும் மாறி மாறித்தான் வருகிறது, ஷிப்ட் மாதிரி.

போன மாதம் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப். முகப்புப் படத்தில் ஒரு ஆண், பைக் மேல் உட்கார்ந்திருந்தார். செய்தி தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து வந்திருந்தது. அவள் எழுத்து எனக்குத் தெரியும், எல்லா வரிக்கும் கடைசியில் ‘டி’ போடுவாள்.

எர்ணாகுளம் வண்டி இன்னும் ஏழரைக்குத்தான் வருதாடி?

ஆமாம் என்று அடித்தேன். சேலத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதையும் தேடிப் பார்த்து அனுப்பினேன். அவள் இப்போது சேலத்துப் பக்கம்தான் இருக்கிறாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மொத்த உரையாடலும் அவள் பக்கத்திலிருந்து அழிந்திருக்கும்.